கூச்சக்காரர்கள்

பிப்ரவரி 6

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது தெரிகிறது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பேச்சு காற்றோடு போய்விடும். நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்பீர்கள். எதுவானாலும் எழுதுங்கள். எழுத்துதான் நிற்கும்.

'தொட்டி வேணும் மச்சான்' என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். தர முடியாது.

நான் ஒன்றும் திருடிக்கொண்டு வரவில்லை. என் தங்கை போன மறுவாரம், உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் கண்முன்னால், வண்டிக்காரரை வைத்துத் தூக்கினேன். "எடுத்துக்கிட்டுப் போங்க மச்சான்" என்று நீங்களேதான் கதவைத் திறந்து பிடித்தீர்கள். இப்போது மனம் மாறினால் நான் பொறுப்பில்லை.

தொட்டி என் மேசைக்கு எதிரே இருக்கிறது. தண்ணீர், மணல், கவிழ்த்து வைத்த ஓர் உடைந்த சட்டி, கொஞ்சம் செடி. மீன் என்று எதுவும் இதுவரை கண்ணில் படவில்லை. ஐந்து இருக்கின்றன என்று அவள் சொல்லியிருக்கிறாள். நம்பிச் சாப்பாடு போடுகிறேன். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சார், தண்ணி வளர்க்கிறீங்களா?" என்றார். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்களிடம் இருந்தது. அவளும் உங்களிடம்தான் இருந்தாள். எங்கோ பத்தாவது மாடியில் லிஃப்ட் கயிற்றில் ஓர் இழை விட்டால்கூட நீங்கள் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்களாம். அவள்தான் பெருமையாகச் சொல்வாள். ஒரே கூரைக்குக் கீழே அவள் இழை இழையாக விட்டுக்கொண்டிருந்தது மட்டும் உங்கள் காதில் விழவில்லை. வயிற்றில் அந்த நோய் ஒரு வருடமாவது இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்.
(உங்களுக்கு அல்ல; அவளுக்கு.)


பிப்ரவரி 19

அன்புள்ள மச்சானுக்கு,

எனக்கு கடிதம் எழுதி பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியதுதான். வேலையில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதி கையெழுத்து போடுவேன், அவ்வளவுதான். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கதவை திறந்து பிடித்தேன், உண்மைதான். அன்றைக்கு யார் வந்து எதை கேட்டாலும் திறந்து பிடித்திருப்பேன். என்னையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் பேசாமல் போயிருப்பேன்.

தொட்டி இருந்த இடத்தில் இப்போது நாற்காலி போட்டிருக்கிறேன். வேலை விட்டு வந்தால் சுவரை பார்த்து உட்காருகிறேன். மச்சான், அந்த மீன் கல்யாணமான வருடம் வாங்கியது. கடையில் எல்லா மீனும் கண்ணாடி ஓரத்துக்கு வந்து ஆடிக்கொண்டு இருந்தது. அவள் ஒரு தொட்டியை காட்டி "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றாள். கடைக்காரர் "இருக்கும்மா, கூச்சக்காரங்க" என்றார். உடனே "எனக்கு அதான் வேணும்" என்றுவிட்டாள். கண்ணாடிக்கடை பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வருவாள். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு சின்ன சிவப்பு விளக்கை போடுவாள். சிவப்பு வெளிச்சம் அதுகளுக்கு தெரியாதாம். அப்புறம் என் கையை பிடித்துக்கொண்டு "வந்துட்டான், வந்துட்டான், மூச்சு விடாதீங்க" என்பாள். மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்டு, அயிரை மாதிரி, விரல் நீளத்துக்கு. நான் முக்கால்வாசி நேரம் அவள் முகத்தைதான் பார்ப்பேன். அதில்கூட எனக்கு நோய் தெரியவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

அவளை தெரிந்த உயிர் இந்த வீட்டில் அதுகள்தான். தயவுசெய்து தொட்டியை கொடுங்கள். வண்டி நான் அனுப்புகிறேன்.

அதுவரை எப்படி பார்க்கவேண்டும் என்று அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன்.

(இரண்டாம் பக்கம்)

அடியில் போய் விழும் உருண்டையை போடுங்கள், மிதப்பதை போட்டால் அதுகளுக்கு கிடைக்காது. வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். தண்ணீரை மாற்றும்போது கொஞ்சமாக மாற்றுங்கள். சட்டியை தூக்கி பார்க்கவேண்டாம், பயந்துவிடும். பகலில் மணலுக்குள் முழுசாக புதைந்து கிடக்கும், மீசை நுனிகூட தெரியாது, செத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். என்ன ஆனாலும் மணலை கொட்டாதீர்கள். கையால் அளைந்து பார்க்காமல் ஒரு பிடிகூட வெளியே எடுக்காதீர்கள்.

இப்படிக்கு
மாப்பிள்ளை


மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தேன். சிவப்பு விளக்கு, கையைப் பிடித்தது, எல்லாம் படித்தேன். என் தங்கை உங்களோடு மகிழ்ச்சியாக இருந்தாள் என்று எனக்கு நிரூபிக்கப் பார்க்கிறீர்கள். நன்றி. என்னைப் பொறுத்தவரை அது குற்றத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

இரண்டாம் பக்கம் ஏதோ மீன் வளர்ப்புக் கையேடு போலிருந்தது. அதைப் படிக்கவில்லை; மெய்ப்புப் பார்த்தேன். இரண்டும் வேறுவேறு. பாடநூல் பதிப்பகத்தில் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன். பொருளில் மனம் போனால் பிழை தப்பிவிடும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒற்றுப்பிழைகளை எல்லாம் சிவப்பு மையால் திருத்தி, அந்தப் பக்கத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எனக்குக் கீழே வேலை பழகிய ஒருவனை எனக்கு மேலே தலைமைப் பதிப்பாசிரியராக உட்காரவைத்திருக்கிறார்கள். அவனுக்கும் வல்லினம் மிகும் இடம் தெரியாது. ஆகவே நீங்கள் மனம் தளர வேண்டாம்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். இன்றுவரை ஒன்றையும் பார்க்கவில்லை. இங்குள்ள கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"தெரியலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்."

"செத்துப்போயிருந்தா தெரியுமா?"

"அதுவும் தெரியாது சார். ஒண்ணு செத்தா மத்தது தின்னுரும்."

"அப்ப நான் என்னய்யா பண்றது?"

"சாப்பாடு போடுங்க சார். போட்டுக்கிட்டே இருங்க."

இப்படி ஒரு வியாபாரம்! வாங்கியவன் கேள்வியே கேட்க முடியாது.

உங்களுக்குத் தொட்டி வேண்டுமென்றால் ஒரே ஒரு நிபந்தனை. 'அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கு முன்பே தெரியும், நான் காலம் கடத்தினேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். யாருக்கும் காட்டமாட்டேன். எனக்கு வேண்டும். வந்த அன்றே தொட்டியை அனுப்பிவைக்கிறேன்.

அண்ணன்.


ஏப்ரல் 9

மச்சானுக்கு,

கொஞ்சநாள் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். கோபத்தில் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. இந்தமுறை நாலு தடவை எழுதிக் கிழித்து, எதிர்வீட்டு டீச்சரிடம் ஒற்றெல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் சிவப்பு மையை மிச்சப்படுத்துங்கள்.

அவள் வலியை என்னிடம் சொல்லவில்லை. "சாப்பாடு ஒத்துக்கலை" என்பாள், "வெயில்" என்பாள். நான் நம்பினேன். நம்பினது தப்பென்றால் தப்புதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவள் உங்களை எத்தனை தரம் கூப்பிட்டாள்? அந்தப் பதவியை உங்களுக்குத் தரவில்லை என்று நீங்கள் உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தபோது, "எல்லாரும் தப்பு, நீ மட்டும் சரியாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் அவள் போனை எடுக்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அடிப்பாள். மணி அடித்து நிற்கும். "அண்ணன் தூங்கியிருக்கும்" என்பாள். சாயங்காலம் ஆறு மணிக்கு.

என்னிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லத்தான் கூப்பிட்டாளோ என்னமோ. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இனித் தெரியாது.

நீங்கள் கேட்ட தாள் உள்ளே இருக்கிறது. நீங்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதியிருக்கிறேன். அது பொய். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு மானம், ரோஷம் எதுவும் வேண்டாம். அந்த ஐந்தும் வேண்டும்.

வண்டிக்காரர் வெள்ளிக்கிழமை வருவார்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 16

மாப்பிள்ளைக்கு,

தாள் கிடைத்தது. ஒரு பிழைகூட இல்லை. அதனாலேயே அதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் உண்மை எழுதினால் ஒற்றை விட்டுவிடுவீர்கள்.

தொலைபேசி பற்றி நீங்கள் எழுதியிருப்பதற்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன் அல்ல.

தொட்டியை இந்த வண்டியிலேயே அனுப்புகிறேன். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வெறும் தொட்டிதான். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அதைக் காலி செய்துவிட்டேன். இத்தனை வாரமாக ஒரு வால்கூடத் தெரியவில்லை. தண்ணீரில் லேசாக வாடை வேறு. சட்டியைத் தூக்கினேன், கீழே ஒன்றும் இல்லை. செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன், இல்லை. எப்போதோ செத்து ஒன்றை ஒன்று தின்று முடித்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. நான் இத்தனை நாளும் இறந்தவற்றுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த எரிச்சலில் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றி, மணலை வாரி ஒரு சாக்கில் கட்டிக் கீழே குப்பை எடுக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

கண்ணாடியை நன்றாகக் கழுவித் துடைத்திருக்கிறேன். புதுசு போல இருக்கிறது. குறை சொல்ல முடியாது.

அதிலும் ஒரு வேடிக்கை. மாலையில் காவலாளி மேலே வந்து, "சார், நீங்க வச்ச சாக்கு நெளியுது. எலி புகுந்திருச்சு போல. பிரிச்சுப் பார்க்கவா?" என்றார். "எலியோட தூக்கிப் போடுய்யா" என்றேன். மறுநாள் காலையில் குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மீன் செத்ததற்கு நான் பொறுப்பில்லை. வாக்குக் கொடுத்தபடி தொட்டியைத் தந்துவிட்டேன்.

அண்ணன்.


ஏப்ரல் 21

மச்சான்,

தொட்டி வந்தது. இறக்கியதும் உங்கள் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு, நீங்கள் திருத்தி அனுப்பிய பக்கத்தைத் தேடி எடுத்தேன். அதை நான் அன்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அவமானமாக இருந்தது.

கடைசிக்கு முந்தின வரியில் 'மணலை கொட்டாதீர்கள்' என்று எழுதியிருக்கிறேன். 'மணலை'க்குப் பக்கத்தில் சிவப்பில் அழகாக ஒரு 'க்' போட்டிருக்கிறீர்கள்.

சாக்கில் எலி இல்லை.




மே 4

மாப்பிள்ளைக்கு,

நல்ல செய்தி. அவசரப்பட்டு மனம் உடைந்துவிட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கண்டதும் காவலாளியைப் பிடித்து விசாரித்தேன். குப்பை வண்டி எடுத்தது வேறு சாக்கு. நம் சாக்கை அவர் தோட்டக் குழாயடியில் போட்டிருக்கிறார். குழாய் ஒழுகி மணல் ஈரமாகவே இருந்திருக்கிறது. பிரித்து அளைந்தேன். ஐந்தும் இருந்தன. ஐந்தும் உயிரோடு. இவ்வகை மீன்கள் ஈரமணலில் பல நாள் தாங்கும் என்று கடைக்காரரும் உறுதி சொன்னார். தண்ணீரில் விட்டதும் தெளிந்துவிட்டன.

வண்டிக்காரரிடம் பையில் காற்று நிரப்பிக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உடனே தொட்டியில் விடவும். கிடைத்ததும் ஒரு வரி எழுதவும்.

ஐந்தும் நலம்தானா என்று மட்டும் எழுதினால் போதும்.

அண்ணன்.


மே 20

மச்சான்,

பை வந்தது. ஐந்தும் உயிரோடுதான் வந்தன.

அவளுடைய மீன்கள் எல்லாம் கிழடு. மஞ்சள் வெளுத்து, வயிறு தடித்து, ஒன்றுக்கு ஒரு பக்க மீசையே கிடையாது. "இவன்தான் உங்களைப் போல, பாதி ஷேவ்" என்பாள். நீங்கள் அனுப்பியிருப்பவை குஞ்சுகள். இன்னும் பட்டையின் பளபளப்புகூடப் போகவில்லை. பையின் மூலையில் கடை முத்திரை இருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பார்க்கிறவர், அதை எப்படி விட்டீர்களோ.

எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒரு பொய் எழுதித்தானே அனுப்பினேன். வித்தியாசம் என்னவென்றால், நான் எழுதியது பொய் என்று எழுதிவிட்டுத்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தேன். புது மணல் வாங்கிப் போட்டேன். போட்டவுடன் ஐந்தும் உள்ளே போய்விட்டன. ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்று வந்தது. "வந்துட்டான்" என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லாமல் அதைச் சொல்லக் கூடாது மச்சான். நீங்கள் எப்போதாவது தனியாக இருக்கும்போது உரக்கப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? குரல் யாருடையதோ மாதிரி இருக்கும்.

நான் லிஃப்ட் பார்க்கிற ஒரு கட்டடத்தில், கடைத்தெருவில் மணிக்கூண்டுக்கு எதிரே, மூன்றாவது மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். காத்திருக்கிற இடத்தில் ஏதாவது வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டியை மீனோடு அவரிடம் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டையும் மாத முடிவில் காலி செய்கிறேன். எங்கே போகிறேன் என்று எழுதப்போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். அவளைப் பற்றிப் பேச எனக்கு உங்களைத் தவிர ஆள் இல்லை என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் எழுதினேன். நாம் ஒருநாள்கூட அவளைப் பற்றிப் பேசவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட தாள் உங்களிடமே இருக்கட்டும்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 12

மாப்பிள்ளைக்கு,

வீட்டு முகவரிக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டன. இதை உங்கள் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். கொடுப்பார்களோ, மாட்டார்களோ.

போன வாரம் அலுவலக வேலையாக உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். அலுவலக வேலை என்பது பொய். அவர்கள் என்னை எங்கும் அனுப்புவதில்லை.

மணிக்கூண்டுக்கு எதிரே அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. லிஃப்ட் வாசலில் கயிறு கட்டி 'வேலை நடக்கிறது' என்று பலகை மாட்டியிருந்தது. மேலே எங்கோ இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். பிறகு ஒரு குரல், "கீழ யாரும் கதவைத் தொடாதீங்க!" என்றது. அது நீங்கள்தான். அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நிமிர்ந்து "மாப்பிள்ளை" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். அந்த லிஃப்ட் குழிக்குள் சத்தம் நன்றாக ஏறும் என்று நினைக்கிறேன். கொடுக்கவில்லை. படியில் ஏறிப் போனேன்.

தொட்டியைச் சன்னல் ஓரமாக வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் அதிகம். உங்களுக்குத் தெரிந்தால் திட்டுவீர்கள். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மா தன் மகளிடம், "வெறும் தண்ணியை எதுக்குடி வச்சிருக்காங்க?" என்றார். "டெக்கரேஷன்மா" என்றது அந்தப் பெண். உள்ளே ஐந்து உயிர் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

வரவேற்பில் இருந்த பெண் வந்து, "சார், அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்டாள். "சும்மா உட்கார்ந்திருக்கேன்மா" என்றேன். "சும்மா உட்கார இது பார்க் இல்லை சார். பல் காட்டணும்னா பேர் கொடுங்க." கொடுத்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் போகச் சொன்னேன். "நீங்க போங்க, எனக்கு அவசரமில்லை." என்னை நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணல்கூட அசையவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. உங்கள் லிஃப்ட் ஓடத் தொடங்கியிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயது. நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, "எது சார் வலிக்குது?" என்று கேட்டார். இத்தனை நேரம் காத்திருந்தவன் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? கீழ்வரிசையில் ஒன்றைக் காட்டினேன். கம்பியால் தட்டிப் பார்த்தார். ஊசி போன்ற குழாயால் காற்று அடித்துப் பார்த்தார்.

"இது நல்லா இருக்கே. கல்லு மாதிரி இருக்கு."

"வலிக்குது டாக்டர்."

"ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாமே?"

"நான் வெளியூரு. திரும்ப வரமாட்டேன். பல்லை எடுத்துடுங்க."

அவர் இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார்.

அண்ணன்.